முதல் பொட்டு யார் வைப்பது, ரேவதி?

அடி ரேவதி, என் தங்கமே,

இன்றைக்கு உனக்கு வருஷத் திதி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. காக்கா கூட ரொம்பக் காக்க வைக்கவில்லை. கூப்பிட்டதும் வந்து, சோற்றை விட்டுவிட்டு வடையைத்தான் முதலில் கொத்தியது. "அவளேதான்" என்று உன் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் மத்தியானமே பார்லர் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். திதியன்றைக்குக் கடை திறக்கலாமா என்று எதிர்வீட்டம்மா கேட்டார்கள். திறக்காவிட்டால்தான் ரேவதி திட்டுவாள் என்றேன். சரிதானே?

ஆமாம், பார்லர் இருக்கிறது. மூலக்குளத்தில் நம் வீட்டு முன்ரூமில், நீ சண்டை போட்டு வாங்கிய அந்த ரோஸ் கலர் போர்டோடு அப்படியே இருக்கிறது. ஆனால் இல்லாமல் போகத்தான் இருந்தது. எப்படித் தப்பித்தது என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்காக நடுநடுவே நீ அறிந்ததையும் சொல்லுவேன், "எனக்குத் தெரியாதாக்கா?" என்று அலுத்துக்கொள்ளாதே.

அண்ணனுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன், தம்பிக்கு நீ. ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் அடுப்படி ரெண்டுபடும் என்று சொந்தக்காரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். அவர்கள் ஆசை நிறைவேறவில்லை. என் வீட்டுக்காரர் போனபின் ரூமை விட்டு வெளியே வராமல் கிடந்த என்னை, "எனக்குத் துணைக்கு வாக்கா" என்று பியூட்டிஷியன் கோர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாய். உனக்குத் துணை எதற்கு? ஊரையே பேச்சில் கட்டி இழுப்பவள் நீ. எனக்காகத்தான் அந்தப் பொய் என்று பஸ்ஸில் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

கோர்ஸில் என் கை ஓடியது, உன் வாய் ஓடியது. அதையே வைத்துப் பார்லர் ஆரம்பித்தோம். புருவம் எடுப்பது, ஃபேஷியல், ஜடை, கல்யாண மேக்கப் எல்லாம் நான். போன், தேதி, விலை, சிரிப்பு எல்லாம் நீ. "அக்கா, நீ நூலை வாயில கடிச்சிக்கினே இரு. வாயத் தொறந்தா கஸ்டமர் ஓடிப்பூடுவாங்க" என்பாய். கோபம் வரும். ஆனால் உண்மைதானே?

இன்னொரு வேலையும் உன்னுடையது. அதை நாம் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

முதல் முதலாக எடுத்த கல்யாண மேக்கப் ஞாபகமிருக்கிறதா? பெண்ணுக்கு எல்லாம் முடித்து, பொட்டு வைக்கக் கையைத் தூக்குகிறேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, "ம்ஹும்" என்று தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். நீ சட்டென்று, "அக்கா, வெளிய வண்டில ஹேர்பின் பாக்கெட்டு இருக்குது, எடுத்தாயேன்" என்றாய். வண்டியில் ஹேர்பின்னும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் திரும்பி வந்தபோது பெண்ணின் நெற்றியில் பொட்டு இருந்தது. அதற்கப்புறம் நீ சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பொட்டு வைக்கிற நேரம் வந்தால் நானே வெளியே போய் நின்றுகொள்வேன். நீ வைப்பாய். கதவைத் திறந்து "அக்கா, வாக்கா" என்பாய். அத்தனை கல்யாணத்திலும் இதுதான் நடந்தது.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. கோரிமேடு ஆஸ்பத்திரி வராந்தாவில், வெளியூர் பஸ்களில் வந்து இறங்கிய ஜனத்தோடு ஜனமாக நானும் உன் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். நன்றாகத்தான் பார்த்தார்கள், பாவம். நீதான் நிற்கவில்லை. கடைசி வாரத்தில் கூட, "ஆவணில ஒரு கல்யாணம் பேசி வச்சிருக்கேன்கா, உட்டுடாத" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தக் கல்யாணத்தை விட்டுவிட்டேன் ரேவதி.

நீ போனபின் அந்தப் போன் என் கைக்கு வந்தது. அதை ஏன் கேட்கிறாய்! ஒரு பெண் கூப்பிட்டு ஐப்ரோ எவ்வளவு என்றாள். "போர்டுல எழுதியிருக்குதே, பாக்கலியா?" என்றேன். அவள் லாஸ்பேட்டையில் அவள் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாள், நம் போர்டு அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தி நாளைக்கு வரலாமா என்றாள். "வந்தா வாங்க" என்றேன். அவள் வரவில்லை. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரான சொல்தா வீட்டம்மா ஒருவர், "போன்ஜூர்" என்று ஆரம்பித்தார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். வருஷா வருஷம் வந்து, போகும்போது உனக்கு சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அவர்கள்தான். நம் ஆயிஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

டவுனிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் ஆயிஷா மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வேறு பார்லரில் கூப்பிட்டார்கள். "ரேவதிக்கா இருந்தப்ப சேர்ந்தேன், நீங்க தொரத்தற வரைக்கும் இருப்பேன்" என்றுவிட்டாள். ஆடி மாதம் நானும் அவளும் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஆடியில் அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆவணி வந்தும் அப்படியேதான் இருந்தது.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் ஒருநாள் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. முன்ரூமை மருந்துக்கடைக்குக் கேக்கறாரு ஒருத்தரு. நீங்களும் எத்தினி நாளைக்கி இப்பிடி ஒண்டியா கஷ்டப்படுவீங்க? தை வரைக்கும் பாக்கலாம். அப்பவும் இப்பிடியே இருந்தா குடுத்துடலாம்" என்றார். மனுஷனைக் குறை சொல்ல முடியுமா? அந்த ரூமைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவருக்கு உன் சிரிப்பு கேட்கும்போல. எனக்கும் கேட்கும். அதனால்தான் எனக்கு அந்த ரூம் வேண்டும், அதனால்தான் அவருக்கு வேண்டாம். என்ன செய்வது சொல்லு?

செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்டிக்கொள்ள வர மாட்டார்கள் அல்லவா, அந்தச் செவ்வாய்க்கிழமையில் உழவர்கரையில் பெண்களுக்குத் தொழில் நடத்தக் கற்றுத்தரும் வகுப்பு இருக்கிறது என்று ஆயிஷாதான் கண்டுபிடித்து வந்தாள். எனக்கு எதற்குடி வகுப்பு, எனக்கு வேலை தெரியும் என்றேன். "வேலை தெரியும்கா. கடைதான் தெரியல" என்றாள். வாய்க்கொழுப்பைப் பாரேன். ஆனாலும் போனேன்.

ஊறுகாய் போடும் பெண்கள், தையல்கடை வைத்திருப்பவர், வில்லியனூர் பக்கத்தில் பால் பண்ணை நடத்தும் ஒரு அம்மா. நடுவில் நான், ஸ்கூல் பெஞ்சில் முழங்கால் இடிக்க. வகுப்பெடுத்த மேடம் டக் டக்கென்று பேசுவார். சொந்தக்காரர் வந்தால் காசு வாங்குவீர்களா என்று முதல் நாளே கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். விலை சொன்னவுடனே "பாத்துக் குடுங்க" என்று சேர்த்துச் சொல்வீர்களா என்றார். இன்னும் குனிந்தோம். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம் ஆகும் என்று பார்த்து, அதற்கேற்ற இடைவெளி விட்டு ஆட்களை வரச் சொல்ல வேண்டுமாம். நாம் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒன்றாக வரச் சொல்லி, பாதிப் பேரை நீ டீ கொடுத்துப் பேச்சிலேயே உட்கார வைத்திருப்பாயே, நினைத்தேன், சிரித்தேன். அது உனக்கு மட்டுமே நடக்கும் வித்தை. நான் டீ கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

கஷ்டமான பாடம் எது தெரியுமா? கோபமாக வரும் கஸ்டமரைச் சமாளிப்பது. அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நம்மால் என்ன முடியும் என்று சொல்ல வேண்டும். நடுவில் வாயைத் திறக்கவே கூடாதாம். என்னைப் போய்! ஆயிஷா கோபக்காரக் கஸ்டமராக நடிப்பாள், நான் பொறுமையாகப் பேசிப் பழகுவேன். "என் புருவத்த கம்பளிப்பூச்சி மாதிரி பண்ணிட்ட" என்று அவள் கத்த ஆரம்பித்ததும், "யாருடி கம்பளிப்பூச்சி, என் கை எடுத்த புருவமாடி அது?" என்று நான் எகிறுவேன். "அக்கா, நடிப்புக்கா, நடிப்பு" என்பாள். ஆனாலும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. போன் எடுத்தால் "வணக்கம், சொல்லுங்க" என்கிறேன் இப்போது. என் குரலைக் கேட்டு எனக்கே யாரோ என்று இருக்கிறது. சொல்தா வீட்டம்மாவுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த லீவுக்கு வருகிறார்களாம்.

கூட்டம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் கடை நிற்கிற அளவுக்கு இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் அந்த மேடமே பார்லரைப் பார்க்க வந்தார். அவர் இருக்கும்போதே போன் அடித்தது. கல்யாண மேக்கப் கேட்டார்கள். பழகிய குரலில், எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் தெரியுமா, "மன்னிச்சிக்கோங்கம்மா, அன்னிக்கு டேட் ஃபுல்லா இருக்குது." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேடம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தேதியில் ஒன்றுமே எழுதவில்லை. அந்த வாரத்திலேயே ஒன்றும் இல்லை.

"அக்கா கல்யாணத்துக்கு ஒத்துக்கறதே இல்ல மேடம். எல்லாருக்கும் டேட் ஃபுல்லுதான்" என்று ஆயிஷா போட்டுக்கொடுத்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "பின்ன என்னா பண்ணச் சொல்றீங்க? என் நெத்தியப் பாருங்க. பொட்டு வைக்க எவ கூட்டினு போவா என்னை? வச்சவ பூட்டா!" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நீ போன அன்றைக்குக் கூட நான் அப்படி அழவில்லை.

மேடம் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை இருந்துவிட்டு, "கல்யாண மேக்கப்புக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார். பெண்ணைப் பொறுத்து மூன்று மணி நேரம் என்றேன். "பொட்டு வைக்க?" என்றார். ஒரு நொடி என்றேன். "அந்த ஒரு நொடிக்காக மொத்த வேலையையும் விடறீங்க. அந்த ஒரு நொடிய வேற ஒருத்தர் கையில குடுங்களேன். ஆனா ஒளிச்சி வேணாம். போன்லயே சொல்லிட்டு குடுங்க" என்றார்.

யார் கையில் கொடுப்பது? சுமங்கலியாகப் பார்த்து ஒருத்தியைக் கூலிக்கா பிடிக்க முடியும்? அதற்கும் ஆயிஷாதான் சொன்னாள். "என் நிக்காஹ்ல தலைக்கி வைக்கிற பூவுலேர்ந்து எல்லாத்தையும் பெரியவங்களே முடிவு பண்ணாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க கல்யாணப் பொண்ணையே கேளுங்களேன்கா."

அன்றிலிருந்து அது நம் பார்லர் விதி ஆகிவிட்டது. போன் வந்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். "மேக்கப் முழுக்க நான்தான் போடுவேன். நான் புருஷன் இல்லாதவ. முதல் பொட்டை மட்டும் கல்யாணப் பொண்ணு யாரைச் சொல்லுதோ அவங்க வைப்பாங்க. பொண்ணு சொல்றதுதான் கணக்கு. சம்மதமா?" முதல் தடவை சொன்னபோது உள்ளங்கை வேர்த்துப் போனை நனைத்துவிட்டது. சிலர் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தார்கள், கூப்பிடவில்லை. ஒருத்தர் "இது இன்னா புது வழக்கம்?" என்றார். ஆனால் உழவர்கரையிலிருந்து சுகன்யா என்று ஒரு பெண், அவளுடைய கல்யாணத்துக்கு அவளே பேசினாள். "நான் சொல்ற ஆளுன்னா, யாரா இருந்தாலும் பரவால்லியா?" என்றாள். யாராக இருந்தாலும் என்றேன். "அப்ப நீங்களே வாங்க. பேரை அன்னிக்குச் சொல்றேன்" என்றாள். அத்தைக்காரியையும் பேச வைத்து விதியைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டேன். அப்பா இல்லாத பெண், கல்யாணத்தை எடுத்து நடத்துவது அந்த அத்தைதான்.

கார்த்திகை முகூர்த்தம். மண்டபத்து மணப்பெண் அறையில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்தோம். நீ இல்லாமல் முதல் கல்யாணம். ஃபவுண்டேஷன் தொட்டதும் கை தானாக ஓடியது, நல்லவேளை. ஜடை, நெற்றிச்சுட்டி எல்லாம் முடிந்தது. அத்தை பட்டுப்புடவை சரசரக்கக் குங்குமச் சிமிழோடு தயாராக வந்து நின்றார்.

"யாரும்மா வைக்கணும்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா" என்றாள் சுகன்யா.

அந்த அம்மா எங்கே? பெண் கல்யாணத்தன்றைக்கு, பின்பக்கம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லையாம். அவர்களே போய் உட்கார்ந்துகொண்டார்களாம். யாரும் சொல்லாமல் நான் வெளியே போய் நின்றேனே, அதே மாதிரி.

"இன்னாடி பேசற? நல்ல நாளும் அதுவுமா! ஊரு இன்னா சொல்லும்?" என்று அத்தை குதித்தார். என் பக்கம் திரும்பி, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேம்மா" என்றார். சொன்னவர் என் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரேவதி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. பழகின கால். ஹேர்பின் எடுக்கப் போய்விடலாமா என்று கூடத் தோன்றியது. அப்புறம் கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வந்தது பார், அப்படி ஒரு கோபம். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு வகுப்புக் குரலை எடுத்தேன். அத்தையை முழுக்கப் பேச விட்டேன். பேசினார், பேசினார், மூச்சு வாங்கினார். நடுவில் வாயைத் திறக்கவே இல்லை. ஆயிஷா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"உங்களுக்குப் பொண்ணு மேல உசுருன்னு தெரியுதும்மா. அதுக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாதுன்னு பயப்படறீங்க. அதானே? எங்க பார்லர்ல இது விதி. புக் பண்ணும்போதே சொன்னேன், நீங்களும் சரின்னீங்க. முதல் பொட்டு பொண்ணு சொல்ற ஆளுதான். பூ வைக்கறது உங்க கையால ஆவட்டும். இன்னும் தலையில பூ வைக்கல பாருங்க, உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றேன். அவருக்காக நிறுத்தி வைத்தேன் என்றதெல்லாம் சும்மா, அப்போதுதான் தோன்றியது. அத்தை சிமிழைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "எந்தப் பக்கம் வைக்கணும்?" என்றார்.

ஆயிஷா ஓடிப்போய் அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. "வேணாங்கண்ணு, வேணாம்" என்று வாசலிலேயே நின்றார்கள். "அம்மா, வாம்மா. அழ வச்சேன்னா எல்லாம் கலைஞ்சிடும்" என்றாள் சுகன்யா. "யாரும் அழக்கூடாது! ஐலைனர் போட்டிருக்கேன்!" என்று நான் அதட்டினேன். அந்த அதட்டலில்தான் அந்த அம்மா உள்ளே வந்தார்கள். தேங்காய் தொட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வைத்தார்கள். பொட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக விழுந்தது. புருவத்தில் ஒரு முடி பிசகினாலும் தூக்கம் வராத நான் அதைத் தொடவே இல்லை. அன்றைக்கு நான் அந்த அறையை விட்டு வெளியே போகவும் இல்லை.

அப்புறம் என்ன, மண்டபத்திலேயே நாலு பேர் நம்பர் வாங்கினார்கள். "பொண்ணையே கேக்கறாங்களாமே, அந்த பார்லரா?" என்றுதான் இப்போது போன் வருகிறது. ஒருத்தி அவள் தங்கையைச் சொன்னாள். ஒருத்தி அவள் டீச்சரைச் சொன்னாள். தை முழுக்க நிஜமாகவே டேட் ஃபுல். மருந்துக்கடைக்காரரிடம் உன் வீட்டுக்காரரே போய் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அத்தை இருக்கிறாரே, இப்போது நம் ரெகுலர் கஸ்டமர். செவ்வாய்க்கிழமை ஃபேஷியலுக்கு வந்து, நான் வகுப்புக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை போடுவார்.

இனி இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் இவ்வளவும்.

உன் போட்டோவைத் துடைத்துக் கூடத்தில் வைத்திருந்தோம். நீ சுமங்கலியாகப் போனவள், போட்டோவுக்குப் பொட்டு வைக்க வேண்டும், பூ வைக்க வேண்டும். "பொட்டு வைக்க யாராவது வாங்கோ" என்றார் ஐயர். உன் வீட்டுக்காரர் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சொந்தத்தில் ரெண்டு மூன்று பேர் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். நான் போய்ச் சிமிழை வாங்கிக்கொண்டேன். எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் மட்டும், "வைங்க அண்ணி" என்றார்.

நம் பார்லர் விதிப்படி பெண் சொல்கிற ஆள்தானே வைக்க வேண்டும். உன்னால் சொல்ல முடியாது. ஆனால் நீ யாரைச் சொல்லுவாய் என்று எனக்குத் தெரியாதா, ரேவதி?

வைத்தேன். கொஞ்சம் கோணல்தான். திருத்தவில்லை.

சித்திரையில் முதல் முகூர்த்தத்துக்கே மேக்கப்புக்கு புக் பண்ணியிருக்கிறார்கள். போய்விட்டு வருகிறேன். இனி எந்தக் கல்யாணத்திலும் கதவுக்கு வெளியே போய் நிற்கமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

கதவைத் திறந்து நீ "அக்கா, வாக்கா" என்று கூப்பிட்ட,
உன் ஓரகத்தி, உன் அக்கா,
குமுதா